தாகமும் உப்பும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே, பெரும்பாலும் ஓராண்டு மேட்டை நோக்கியும் மறு ஆண்டு பள்ளத்தை நோக்கியுமாக, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடப்படும் காம்ரேட்ஸ் பந்தயத்தில், வழிநெடுகச் சிறு பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் கொடுக்கிறார்கள்; ஓடுபவர் பையின் மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டு மேலே போகிறார். அப்பந்தயம் தொடங்கிய 1921ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலோ, தண்ணீரைத் தவிர்ப்பதே மனவுறுதியின் லட்சணம் என்ற எண்ணம் நெடுந்தூர ஓட்டக்காரரிடையே பரவலாக இருந்தது. அதைக் கைவிட்டதில் குற்றமில்லை. கைவிட்ட வேகத்தில் மறுகோடிக்கே போய்விட்டார்கள் என்பதுதான் என் ஆட்சேபம்.

1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம், மணிக்கு 600 முதல் 1200 மில்லிலிட்டர் வரையோ, தேகம் தாங்கும் அளவுக்கோ குடிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. காம்ரேட்ஸ் பந்தயத்துக்கு இன்றுள்ள 12 மணி நேர அவகாசத்தையும் முழுதாக எடுத்துக்கொள்ளும் ஒருவர் அந்தச் சிபாரிசின் மேல்வரம்பை வேதவாக்காகக் கொண்டால், 14 லிட்டருக்கும் மேல் குடித்தாக வேண்டும். மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு. நீண்ட உழைப்பின்போது வாசோபிரஸின் என்னும் ஹார்மோன் சிறுநீரைத் தடுத்து வைப்பதும் உண்டு. ஆகவே மிகையான நீர் வெளியேற வழியின்றித் தங்கி, ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியத்தை நீர்த்துப்போகச் செய்ய, மூளை வீங்கத் தொடங்குகிறது. 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒரு பெண்மணிக்கு நேர்ந்தது இதுவே. அவரையும் சேர்த்து நால்வரின் விவரத்தை டிமத்தி நோக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1985இலேயே பிரசுரித்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது, பதினோராண்டுகள் கழித்து வந்த அந்தச் சிபாரிசை அறியாமை என்று மன்னிக்க மனம் வரவில்லை. 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தினிடையே எடை கூடியிருந்ததே அதன் பிரதான அடையாளம்.

இதற்குப் பரிகாரமாக உப்பு மாத்திரையை நாடுவோர் பலர். வியர்வையில் உப்புப் போவது மெய். வெயிலில் நெடுநேரம் ஓடுபவருக்கு அது அற்ப நஷ்டமும் அன்று. ஆயினும் கேப் டவுன் அயர்ன்மேன் போட்டியில் ஒரு சாராருக்கு உப்பும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், ரத்தச் சோடியத்தில் குறிப்பிடத்தக்க பேதம் எதுவும் தென்படவில்லை. விளையாட்டுப் பானங்களின் சோடியமோ ரத்தத்தினுடையதில் ஏழில் ஒரு பங்கு அளவே. அவற்றைக் குடித்துக் குறையைச் சரிக்கட்ட நினைப்பது, உப்புக் குறைந்த குழம்பில் ஒரு குவளை நீரோடு ஒரு சிட்டிகை உப்பைச் சேர்ப்பது போன்றதே. தவிர, உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். எந்த மிகை நீரைத் தடுக்க மாத்திரையை விழுங்கினாரோ, அதையே அது அவரைக் குடிக்கத் தூண்டக்கூடும்.

எனவே தாகம் எடுத்தால் குடி என்ற இன்றைய கொள்கையே மேலானது. அதற்கும் ஊனம் இல்லாமலில்லை. குளிரிலும் முதுமையிலும் தாகம் மந்தப்படுகிறது. கடும் வெயிலில் வேகமாக ஓடுபவருக்கு அது வியர்வையோடு ஈடுகொடுப்பதில்லை. நூறு மைல் ஓட்டங்களில் எடை குறைந்தவர்களிடமும் சோடியக் குறைவு காணப்பட்டதால், அதிகமாகக் குடித்ததே முழுக்காரணம் என்ற நோக்ஸ் பக்ஷத்தின் பிடிவாதமும் சற்றுத் தளரத்தான் வேண்டும். நடைமுறையில் பெரிய சங்கடம் மருத்துவக் கூடாரத்திலேதான். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் ஆகியவை நீர் வற்றியவருக்கும் உண்டு, நீர் மிகுந்தவருக்கும் உண்டு. பின்னவருக்கு மோதிரம் இறுகி விரல் வீங்கியிருப்பதைக் கவனியாமல் வழக்கமான சலைனை ஏற்றினால் நோய் முற்றக்கூடும். அவருக்கு வேண்டியது 3 சதவீத உப்புக் கரைசல், ஒரு வேளைக்கு 100 மில்லிலிட்டர். அதை ஏற்றுமுன் சோடியத்தை அளக்க வேண்டும். ஆனால் சிறு பந்தயங்களின் கூடாரங்களில் சலைன் பாட்டில் கிடைக்கும் அளவுக்கு அதை அளக்கும் கருவி கிடைப்பதில்லை.