ஷிமாமுராவின் அமைதி

ஜப்பானில் கூட்டமில்லாத இடம் எது என்று தேடும்போதெல்லாம் யசுனாரி கவாபட்டாவின் 'பனி நாடு' நாவல்தான் எனக்கு நினைவுக்கு வரும். அதில் வரும் வெந்நீரூற்று ஊருக்குப் பெயரே கிடையாது. நீகதா மாகாணத்து யுசாவாவில் தங்கித்தான் கவாபட்டா அதை எழுதினார். வாசகர்கள் விடுவார்களா? கண்டுபிடித்துவிட்டார்கள். 1982-ல் ஷின்கான்சென்னும் வந்தது. டோக்கியோவிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

பெயரை மறைத்ததைப் பலரும் சிலாகிப்பார்கள். எனக்கு உறுத்துவது ஷிமாமுரா. அவனும் நம்மை மாதிரி ஒரு டூரிஸ்ட்தான். பரம்பரைச் சொத்தில் வாழும் டோக்கியோக்காரன், மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்கு வருகிறான். அவன் ஓய்வெடுக்கும் அதே ஊர்தான் கெய்ஷாவான கொமாகோவுக்குப் பிழைப்பு. விருந்துகளில் குடித்துவிட்டுத் தள்ளாடியபடி அவன் அறைக்கு வருகிறாள். படித்த கதைகளையெல்லாம் நோட்டில் குறித்துவைப்பதாகச் சொல்கிறாள். அவனுக்கு அது வீண் வேலை.

அவன் அவளைக் கவனிக்காமல் இல்லை. கவனிக்கிறான், ரசிக்கிறான். அவள் படும் பாடும் பனியைப்போல ஒரு காட்சியாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

'யாருக்கும் தெரியாத ஊர்' என்று நாம் பூரித்துப்போய் எழுதுகிறோமே, அந்த 'யாருக்கும்' கணக்கில் கொமாகோ சேர்வதே இல்லை.