கேத்தி ரயில் நிலையமும் இடம் தொலைத்த நினைவுகளும்

1982இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ கேத்தி ரயில் நிலையத்தில் முடிகிறது. தலைக்காயத்தால் குழந்தையாகிப்போயிருந்து குணமான விஜி புறப்படும் ரயிலில் இருக்கிறாள். அதுவரை தன்னைப் பராமரித்து, இப்போது நடைமேடையில் தவிக்கும் சீனு யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: மறதி இப்படி ஒட்டுமொத்தமாகவா துடைத்துவிடும்?

தலையில் அடிபட்டு மூளை குழம்பிக் கிடக்கும் நாட்கள் பலருக்கு நினைவில் பதிவதேயில்லை. விஜியோ சீனுவையும் நாய்க்குட்டியையும் நாள்தோறும் அடையாளம் கண்டவள். அப்படிப் பதிந்தது ஒரே நாளில் மறைவது, தலைக்காயத்தைவிட மனநெருக்கடியால் வரும் மறதிக்கே நெருக்கமானது.

மூளைப் பாதிப்பால் வரும் மறதி பெரும்பாலும் அரைகுறையானது. ஜெனிவாவில் கிளாபரேட் என்ற மருத்துவர், மறதி நோயுள்ள ஒரு பெண்ணுடன் கைகுலுக்கும்போது உள்ளங்கையில் ஊசியை ஒளித்துவைத்துக் குத்தினார். பிறகு அவர் கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். குத்துபட்டது அவருக்கு நினைவில்லை. சிலர் கையில் ஊசி இருக்கும் என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். 1911இல் அச்சேறிய இந்தக் குறிப்பில் பின்னாளைய ஆய்வுகளின் விதை இருக்கிறது. செய்தி தங்கிவிட்டது, அது எங்கே, எப்போது, யாரால் வந்தது என்பது கழன்றுவிட்டது.

குன்னூர் மார்க்கெட்டில் தினமும் பார்க்கும் காய்கறிக்காரரைக் காந்திபுரம் பஸ்ஸில் பார்த்தால் நாமும் திகைப்போம். முகம் தெரியும், ஆள் யாரென்று பிடிபடாது. நமக்கு அது சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். மறதி நோயாளிகளுக்கு அப்படியல்ல.

ஹப்பர்ட், பியர்சி என்ற ஆய்வாளர்கள் 1976இல், மதுவாலும் தயமின் குறைவாலும் வரும் கோர்சகாஃப் நோயாளிகளுக்குப் படங்களை இரண்டு நாட்களில் காட்டினார்கள். படத்தைப் பார்த்திருக்கிறோம் என்பதைச் சொல்ல முடிந்தவர்கள், நேற்றா இன்றா என்பதில் தடுமாறினார்கள். 1978இல் அவர்களின் இன்னோர் ஆய்வில் இதுவும் தெரிந்தது: நேற்றுப் பலமுறை பார்த்த படத்தை இன்று பார்த்ததாக நோயாளிகள் அடிக்கடி நினைத்துவிடுகிறார்கள். பரிச்சயத்தின் வலுவைக் கொண்டே காலத்தைக் கணிக்கிறார்கள்.

இடம், காலம் போன்ற சூழலின் நினைவுதான் தனியாக அடிபடுகிறதா என்று மேயஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1985இல் நேரடியாகக் கேட்டார்கள். ஷிமாமுராவும் ஸ்குவயரும் 1987இல் இதைச் சிக்கலாக்கினார்கள். செய்தியை மறக்கும் அளவும் அதன் மூலத்தை மறக்கும் அளவும் நோயாளிகளிடம் ஒத்துப்போகவில்லை. மூலத்தைத் தொலைப்பதில் நெற்றிப்பகுதி மூளைக்கும் பங்கிருக்கலாம் என்றார்கள். 1997இல் வர்கா-காதெம் விவரித்த மூவருக்குச் சிறுவயதிலேயே ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சேதமடைந்திருந்தது. அவர்கள் சாதாரணப் பள்ளியில் படித்தார்கள், மொழியும் பொது அறிவும் கைவந்தன. அன்றாடம் நடந்தது மட்டும் நிற்கவில்லை. ஹிப்போகாம்பஸ் நிகழ்வையும் அதன் இடம், காலத்தையும் முடிந்துவைக்கிறது என்ற கருத்துக்கு இதுவே எனக்கு வலுவான ஆதாரமாகப் படுகிறது.

நினைவு தங்கினாலும் அதன் இடமும் காலமும் தொலையலாம் என்பது நோயாளிகளின் வீட்டாருக்கும் தெரியவேண்டும். ஐந்து வருடம் முந்தைய சம்பவத்தை நேற்று நடந்ததாகச் சொல்லும் நோயாளியைப் பொய்யர் என்று வைகிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமான ஒரு நினைவைத் தவறான நாளில் வைக்கிறார். அவரிடம் நாளையும் இடத்தையும் கேட்டு நெருக்காமல், நாமே சொல்லிவிடலாம்.