காலிக்கு ட்ரிப் போக எந்த கேடீஎச்? பின்சீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ட்ரிப் பேச்சு எழுந்தால், ஊர் முடிவாகும் முன்பே வேன் முடிவாகிவிடும். அது பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸாகத்தான் இருக்கும். முந்தைய தலைமுறையை ‘டொல்பின்’ என்றோம். 2004இல் வந்த தலைமுறைக்கு மொடல் எழுத்துகளே பெயராகி ‘கேடீஎச்’ ஆனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் முழுதாகத் திறந்தது. ஆகவே ஹயருக்கு வருவது பெரும்பாலும் நன்றாக ஓடித் தேய்ந்த வேன்தான். தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலிக்கு மூன்று வேன்களில் கிளம்பினோம். இரண்டு ஹை ரூப் (உயரக் கூரை), ஒன்று ப்ளட் ரூப் (தட்டைக் கூரை). போகும்போது புலுதொட்ட, தெனியாய, அக்குரஸ்ஸ வழி. வரும்போது பின்னதூவையில் அதிவேக வீதியில் ஏறி, கெலனிகமவில் இறங்கி, ஹொரண, இங்கிரிய, இரத்தினபுரி வழி. மலைவீதியும் ஹைவேயும் ஒரே நாளில் கிடைத்தன. இரண்டு வகையிலும் மாறி மாறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வேன் பேசப் போகிறவர் முன்சீட்டில்தான் ஏறிப் பார்ப்பார். பிள்ளைகளும் பாட்டிமாரும் போவதோ பின்னால்.

உடம்பும் சீட்டும்

ப்ளட் ரூப் 4.69 மீற்றர் நீளம், 1.69 மீற்றர் அகலம். ஹை ரூப் 5.38 மீற்றர் நீளம், 1.88 அகலம், ஏறத்தாழ 2.28 உயரம். ஹை ரூப்புக்குள் குள்ளமானவர் நிமிர்ந்து நடக்கலாம். சேலை கட்டியவர்கள் ஏறி இறங்க அது பெரிய உதவி. ப்ளட் ரூப்பில் முதுகை வளைத்துத்தான் போகவேண்டும். ஜப்பானில் சரக்கு வேனாக இருந்தவற்றுக்கு இங்கே சீட் அடித்திருப்பார்கள். அடித்தவர் கைவண்ணத்தைப் பொறுத்தே முழங்காலுக்கு இடம்.

இரண்டிலும் தொல்லை நடைபாதையில் விரிக்கும் மடக்குச் சீட்தான். முதுகுச் சாய்வு பாதிதான், கைபிடி இல்லை. புலுதொட்டக் கொண்டை ஊசி வளைவுகளில் பின்வரிசைப் பிள்ளைக்குக் குமட்டியது. வரிசைக்கு ஒருவராக எழுந்து, சீட்டை மடித்து, கதவைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. எலுமிச்சங்காய் எல்லாரிடமும் இருந்தது, வழிதான் இல்லை.

மலையில்

எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்னால் சூடும் சத்தமும் அதிகம். 3.0 லீற்றர் டீசல் எஞ்சின் ஆளேற்றிய ஹை ரூப்பை ஏற்றத்தில் அலட்டாமல் இழுத்தது. 2.5 லீற்றர் பூட்டிய ப்ளட் ரூப் ஏசி போட்டதும் மூச்சு வாங்கியது. “அண்ணே, ஏத்தம் முடியுற வரைக்கும் ஏசிய நிப்பாட்டிருங்க” என்று நாங்களே சொன்னோம். ஆனால் வளைவில் ப்ளட் ரூப்தான் ராஜா. ஒரே வெட்டில் திரும்பியது. ஹை ரூப் ட்ரைவர் எதிர்ப்பக்கத்து வாகனத்துக்காகக் காத்திருந்து, வீதி முழுவதையும் எடுத்துத் திருப்பினார்.

பின்னால் பட்டை ஸ்பிரிங். ஆள் நிறைந்தால் மிதமாக அசையும். காலியாக இருந்தால் துள்ளும். ஹை ரூப்பில் கடைசி வரிசை பின்சக்கரத்தையும் தாண்டி நிற்பதால் தோட்டத்துக் கல்வீதியின் ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும்.

காலியில்

கோட்டைக்குள் தெருக்கள் குறுகல். போர்த்துக்கேயர் 1588இல் அரண் எழுப்பினர். 1640இல் பிடித்த ஒல்லாந்தர் அதைக் கற்கோட்டையாக்கினர். பழைய வாசலில் அவர்களது கம்பனி முத்திரையும் 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். வேன்களை வெளியே விட்டு, 1939இல் கட்டிய வெளிச்சவீடு வரை மதில்மேல் நடப்பதே சுகம். சீனத் தளபதி செங் ஹோவின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கோட்டைக்குள் தேடாதீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த அந்தக் கல் 1911இல் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹைவேயில்

இங்கே கணக்கு தலைகீழ். மணிக்கு 100 கிலோமீற்றர் வரம்புக்குள் நீளமான ஹை ரூப் நேராக, அமைதியாக ஓடியது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கினார்கள். பக்கக் காற்று வீசும்போது மட்டும் அந்த உயரம் கொஞ்சம் ஆடியது. குட்டையான ப்ளட் ரூப் ஒவ்வொரு பாலத்து மூட்டிலும் குலுங்கியது.

முடிவு

புலுதொட்ட வழி போய் அதே வழி திரும்புவதானால் 3.0 எஞ்சின் போட்ட ப்ளட் ரூப். எட்டியாந்தோட்டை, தெரணியகலப் பக்கத்திலிருந்து கடுவெலவில் ஹைவே பிடிப்பவர்களுக்கு ஹை ரூப். எதுவானாலும் மடக்குச் சீட்டைக் கணக்கில் சேர்க்காமல் ஆள் எண்ணுங்கள். தலைக்குப் பங்கு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். முற்பணம் கொடுக்கும் முன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெல்ட் இருக்கிறதா, ஏசிக் காற்று அங்கே வருகிறதா என்று பாருங்கள். “பின்னுக்கு யாரு சேர் பார்க்கப் போறாங்க?” என்று கேட்கும் முதலாளியின் வேனை விட்டுவிட்டு, அடுத்த வேனைப் பாருங்கள்.