ஆழ்வான் கண்ணிழந்த பிறகு

கூரத்தாழ்வான் கதையில், சோழனைத் தூண்டிவிட்ட நாலூரான் வருகிற இடத்தில் தொண்டையைத் தீட்டிக்கொள்ளும் உபன்யாசகர் எனக்கு ஒத்துவர மாட்டார். சோழன் சபை, சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிய ஓலை, உடையவரான ராமானுஜரின் காஷாயத்தை வாங்கி உடுத்திக்கொண்டு போய் நின்ற கூரத்தாழ்வான், கூடவே உடையவரின் ஆசார்யரான தள்ளாத பெரிய நம்பி. இதில் குரலை உயர்த்த என்ன இருக்கிறது? ஓலையில் ஆழ்வான், சிவம் என்ற அளவைவிடத் துரோணம் பெரிது என்று மரக்கால் கணக்கை வைத்து எழுதிய குறும்புக்கு எப்படியும் சபை சிரிக்கும். அதற்காகவே அரை மணி நேரம் இழுக்கிறவர்கள் உண்டு. எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் மதுரை. ராஜா மதத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டியதில்லை.

சிறு வயதில் கூடலழகர் கோயிலில் ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண் போன கட்டத்தை ஒரே வாக்கியத்தில் கடந்தார். ஆழ்வான் தானே பிடுங்கிக்கொண்டார், நம்பியின் கண்ணை அரசன் பிடுங்க வைத்தான், அவ்வளவுதான். பிறகு அவர்கள் ஸ்ரீரங்கம் திரும்பும் சாலைக்கு வந்துவிட்டார். இரண்டு குருடர்கள், வழிகாட்ட நம்பியின் மகள் அத்துழாய். தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலில் நம்பிக்கு மூச்சு அடங்குகிறது. கொஞ்சம் பொறுத்தால் ஸ்ரீரங்கம் போய்விடலாம் என்கிறார்கள். கிழவர் மறுக்கிறார். நானே ஸ்ரீரங்கத்துக்கு ஓடிப்போய்ச் செத்தால், அங்கே சாகாதவனுக்கு மோட்சம் இல்லை என்றல்லவா பின்னால் வருகிறவன் பயப்படுவான் என்று அங்கேயே ஆழ்வான் மடியில் தலைவைத்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

கிட்டத்தட்ட அதே நூற்றாண்டில், 1170 டிசம்பர் 29 அன்று, கேன்டர்பரி பேராலயத்தில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர் பேராயர் தாமஸ் பெக்கெட்டை வெட்டினார்கள். கோயில் கோட்டையல்ல, கதவைத் தாழிடாதே என்று அவர் தடுத்ததாகச் சொல்வார்கள். அவர் கோயிலைத் திறந்து வைத்து இறந்தார், நம்பி கோயில் வரைக்கும் போக வேண்டாம் என்று வழியிலேயே இறந்தார். டி.எஸ். எலியட் 1935இல் அந்தக் கொலையை நாடகமாக்கினார். கொன்றவர்களே சபையைப் பார்த்துத் தங்கள் நியாயத்தைப் பேசும் கட்டம் அதில் அபாரம். ரிச்சர்ட் பர்ட்டன் பெக்கெட்டாகவும் பீட்டர் ஓ'டூல் ராஜாவாகவும் நடித்த 1964ஆம் வருடப் படமும் எனக்குப் பிடிக்கும். நம்மிடம் இந்திரா பார்த்தசாரதியின் 'இராமாநுசர்' இருக்கிறது, நல்ல நாடகம். ஆனால் அதன் நாயகர் உடையவர். பெரிய நம்பிக்கு ஒரு நாடகம் இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

நம்பியின் கண்ணைப் பறித்த அந்தச் சோழன் யார் என்பதில் கல்வெட்டுக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன் என்பார் சிலர். தில்லையில் கோவிந்தராசரைப் பெயர்த்த இரண்டாம் குலோத்துங்கன் என்பார் வேறு சிலர். வைணவ ஆசார்யர்களின் வரலாறான குருபரம்பரையோ கிருமிகண்டன் என்று வைதுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கும் அதுவே போதும்.

கதை உண்மையில் சூடுபிடிப்பது ஸ்ரீரங்கத்து வாசலில். ராமானுஜ சம்பந்தம் உள்ளவரை விடாதே என்பது உத்தரவு. ஒரு காவலாள் தடுக்க, இன்னொருவன், ஆழ்வான் நல்லவர், அவரை மட்டும் விடலாம் என்கிறான். ஆசார்ய சம்பந்தத்தை அறுத்துக் கொடுக்கிற நல்ல பேர் எனக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டார் ஆழ்வான். நேரே திருமாலிருஞ்சோலை, அதாவது அழகர்கோயில்.

இங்கேதான் அழகர் மீது அவர் பாடிய சுந்தரபாகு ஸ்தவம் பிறக்கிறது. அவருடைய ஐந்து துதிகளான பஞ்சஸ்தவத்தில் வரதராஜ ஸ்தவம்தான் உசத்தி என்பவர்களோடு எனக்குப் பகையில்லை. கண்ணைக் கேள் என்று உடையவர் சொல்லியும் பெருமாளிடம் நாலூரானுக்கு மோட்சம் கேட்டாராம், அந்தக் காஞ்சிக் கதையின் ஒளி அவர்களை இழுக்கிறது. ஆனால் 132 சுலோகத்தில் ஒரு குருடர் அழகரைப் பார்க்கிறாரே, அதற்கு ஈடு உண்டா? முதலில் மலை, சோலை. பிறகு அவயவம் அவயவமாகத் திருமேனி. கண்ணிருந்த காலத்து ஞாபகம் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். பெரியாழ்வாரும் ஆண்டாளும் நம்மாழ்வாரும் பாடிய மலையைக் காதால் வாங்கி வடமொழியில் கட்டியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அவ்வளவு வர்ணித்துவிட்டுக் கடைசியில் கேட்பது என்ன? ஸ்ரீரங்கத்தில், முன்போல, உடையவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை.

இப்போது சொல்கிறவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டுகிறார்கள் தெரியுமா? 'அப்புறம் ஆழ்வான் அழகர்கோயிலில் கொஞ்ச காலம் இருந்தார்' என்று ஒரு வரி, உடனே உடையவர் ஒதுங்கியிருந்த மேல்கோட்டை, அங்குள்ள பெருமாள் செல்லப்பிள்ளை. அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி மதுரையில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்கிறார்கள்! ஒலிபெருக்கி துல்லியமாகிவிட்டது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரும் பேசுவதில்லை, சிரிப்புக்கு மட்டும் நேரம் கிடைத்துவிடுகிறது. பத்து நாள், ஸ்தவம் மட்டும், நாலூரான் பேரையே எடுக்காமல் யாராவது சொல்லட்டும், சித்திரை வெயிலிலும் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.