கொலைக்களக் காதையும் இக்காலச் செய்தித்தாளும்

அச்சம் என்பது உயிர்க்கெல்லாம் பொதுவானது. ஆராய்ச்சி மனிதர்க்கே உரியது. இவ்விரண்டனுள் முன்னது முந்திக்கொள்ளும்போது நிகழ்வது யாது என்பதைச் சிலப்பதிகாரம் நன்கு காட்டுகின்றது. கோவலன் கொலையுண்டமைக்கு ஊழ்வினை காரணம் என்பர் ஒரு சாரார். பாண்டியன் ஆராயாமை காரணம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் நூலுட் கூறப்பட்டனவே. ஆயின், அரசன் ஆணையிட்டதற்கும் வாள் வீழ்ந்ததற்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் ஒன்றனை மாணவரும் ஆசிரியரும் விரைந்து படித்துக் கடந்துவிடுகின்றோம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாளுக்குப் பின் நம் நாட்டுச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் நடந்துகொண்ட முறையை அளந்தறிய, அவ்வுரையாடலினும் நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்திலது.

முதலில் காதையை நோக்குவோம். சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பது அரசன் ஆணை. காவலர் பொற்கொல்லனோடு வருகின்றனர். கோவலனைக் கண்ட அளவில் அவர்க்கு ஐயம் பிறக்கின்றது. இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கின்றனர். நற்செயலுக்கு அதுவே தொடக்கம். உடனே பொற்கொல்லன் நகைத்துக் களவுநூல் பேசத் தொடங்குகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணை என எண்ணிக் காட்டுகின்றான். தூதர் கோலத்தில் வாயிலில் இருந்து, மாதர் கோலத்தில் அரண்மனை புகுந்து, இளவரசன் மார்பின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வன் ஒருவன் கதையையும் கூறுகின்றான். அதனைக் கேட்ட காவலன் ஒருவன், மழை பெய்த நள்ளிரவொன்றில் தன் வாளையே பறித்து மறைந்த கள்வனை நினைந்து நடுங்குகின்றான். தவறவிட்டால் அரசன் ஒறுப்பானே என்றும் அஞ்சுகின்றான். அந்நிலையில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இவ்வுரையாடலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, பொற்கொல்லன் கையாளும் அளவை. கள்வன் போலத் தோன்றாமையே கள்வனின் திறமை என்பது அவன் வாதம். இவ்வாதத்தின் முன் எந்தச் சான்றும் நில்லாது. குற்றமின்மையே குற்றத்தின் அடையாளமாகிவிடும். இரண்டு, அங்குக் கூறப்பட்ட கதைகள் யாவும் வேறு கள்வரைப் பற்றியன. கோவலனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று, சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என்ற ஒரு வினா போதும், உண்மை விளங்கும். அவ்வினாவை எவரும் எழுப்பவில்லை. அது பின்னர் கண்ணகி வாயிலாக, காலங் கடந்து, எழுந்தது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய தேவாலயங்களிலும் தலைநகரின் மூன்று பெருவிடுதிகளிலும் தற்கொலையாளர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் மாண்டோருள் ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர் பலர். கொன்றவர் அயல்நாட்டார் அல்லர். இம்மண்ணிற் பிறந்து வளர்ந்தவர். ஆகவே மக்கள் அஞ்சியது பிழையன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமை என்பது வள்ளுவர் கருத்து. எத்தகைய பொருளை எவர் வாய்க் கேட்பினும் அதன் மெய்ம்மையைக் காண்க என அவர் கூறுவதும் அதே அறிவுடைமை அதிகாரத்திலேதான். அஞ்சுதலையும் ஆராய்தலையும் ஓரதிகாரத்துள் வைத்த நுட்பம் பன்முறை சிந்திக்கத்தக்கது.

வவுணதீவு நிகழ்ச்சியை முதற்கண் எடுத்துக்கொள்வேன். 2018 நவம்பர் இறுதியில், மட்டக்களப்பு மாவட்டத்து வவுணதீவில் காவற்கடமையில் இருந்த பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். உடனே ஐயம் முன்னாள் விடுதலைப் புலிகள்மேற் சென்றது. செய்திகளும் அவ்வழியே சென்றன. முன்னாள் போராளி ஒருவர் கைதாகிப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் மாதக்கணக்கிற் சிறையிருந்தார். உயிர்த்த ஞாயிற்றின் பின்னரே, அக்கொலையைச் செய்தோர் சஹ்ரானின் கூட்டத்தார் என்பது வெளிப்பட்டது. 2019 மே மாதத்தில் அவர் விடுதலை பெற்றார். பழைய கள்வனின் கதையை நினைந்து புதியவனைப் பிடித்த காவலனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு யாது? உண்மையான கொலையாளரை உரிய காலத்திற் கண்டிருப்பின் ஏப்பிரல் அழிவு தடுக்கப்பட்டிருக்கும் என்று துணிந்து கூற இயலாது. ஆயின் ஐந்து மாதம் வீணாயிற்று என்பதில் ஐயமில்லை.

அழிவின் பின் அச்சம் மறுதிசை நோக்கித் திரும்பியது. ஏப்பிரல் 25இல் பொலிசார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று, அமெரிக்காவில் வாழும் தொடர்பற்ற பெண்ணொருவரின் படம். பின்னர் அவர்களே தவற்றை ஒப்பினர். ஆனால் அதற்குள் அப்படம் உலகைச் சுற்றிவிட்டது. இறந்தோர் தொகையும் முதலில் 359 எனச் சொல்லப்பட்டுப் பின்னர் 253 அளவில் எனத் திருத்தப்பட்டது. ஹசலக்கவில், உடையில் இருந்த கப்பற் சுக்கானின் உருவத்தைத் தர்மச் சக்கரம் எனக் கொண்டு முஸ்லிம் பெண்ணொருவரைக் கைது செய்தனர். மே மாத நடுவில் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஓர் உயிரும் போயிற்று.

இவை யாவற்றினும் கொடியது குருநாகல் மருத்துவர் செய்தி. மே 23ஆம் நாள் 'திவயின' நாளிதழ், தௌஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் 4000 சிங்கள பௌத்தத் தாய்மாரை மலடாக்கினார் என முதற்பக்கத்தில் எழுதிற்று. பெயர் கூறப்படவில்லை, சான்று காட்டப்படவில்லை. மறுநாளே போதனா வைத்தியசாலை மருத்துவர் ஒருவர் கைதானார். குற்றச்சாட்டை நிறுவும் சான்று கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றுக்கு அறிவித்தது. அம்மருத்துவரோ, தமக்கு வரவேண்டிய சம்பள நிலுவை 2022இற் கிடைத்தபோது அதனை நாட்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக்கு ஈந்தார். 4000 என்ற எண்ணை எண்ணியவர் யார், எம்முறையால் எண்ணினார் என்ற வினா, முத்தோ மாணிக்கமோ என்ற வினாவை ஒத்தது. அதனைப் பத்திரிகாசிரியர் அச்சேறுமுன் கேட்டிருத்தல் வேண்டும்.

விரைவிலே நிகழ்ந்தவற்றை ஆறஅமர இருந்து குறைகூறுதல் எளிது. ஆபத்துக் காலத்தில் ஆராய நேரம் ஏது என வினவுவார் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் உண்மை யாதெனில், ஆராய நேரம் இருந்த காலத்தில் எவரும் அஞ்சவில்லை. சஹ்ரானைக் குறித்துக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னரே முறையிட்டிருந்தனர். 2019 ஏப்பிரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அதனைப் பொருட்படுத்தாத குற்றத்துக்காக, முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தது. முன்னர் அஞ்ச வேண்டியோர் அஞ்சவில்லை. பின்னர் அஞ்சியோர் அயலவனுக்கு அஞ்சினர். இது நமக்கு மாத்திரம் உரிய குறையன்று. 2011 ஜூலை 22இல் நோர்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் உலக ஊடகங்கள் பல முதலில் இசுலாமியத் தீவிரவாதிகளையே சுட்டின. கொன்றவன் அந்நாட்டு மண்ணின் மைந்தனே.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனைப் பிறர் கதையாகக் கேட்டிருத்தல் தகாது. 1979இற் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்த நாள் முதல், தமிழன் என்ற பெயரே ஐயத்துக்குப் போதுமாயிருந்த காலத்தை நம் குடும்பங்கள் அறியும். 2019 மே 3ஆம் நாள், குண்டுவெடிப்பின் பெயரால் நடந்த தேடுதலில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதாயினர். அவர்தம் அறையிற் கிடைத்தது குண்டன்று, படம். எம் பாடசாலை வாயிலிலும் அக்காலத்திற் பெற்றோர் நின்று பைகளைச் சோதித்தனர். சோற்றுப் பெட்டியைத் திறந்து காட்டிய சிறுவன் ஒருவன், "ஐயா, ஆரைப் பிடிக்கிறதுக்கு இது?" என்று கேட்டான். யான் விடை கூறிற்றிலேன்.

அவ்வினாவுக்கு விடை தேடும்போது என் நினைவு 1990ஆம் ஆண்டுக்குச் செல்கின்றது. அவ்வாண்டு அக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு துரத்தப்பட்டனர். காட்டிக்கொடுப்போர் என்ற ஐயம் ஒரு சமூகம் முழுவதன்மேலும் சுமத்தப்பட்டது. அந்நாளிற் சிறுவனாயிருந்த யான் சோனகத் தெருவின் அடைத்த கதவுகளைக் கண்டேன். பெரியோர் தாழ்ந்த குரலில் வருந்தினர், உரத்துக் கேட்டாரில்லை. காவலர்போல் நாமும் முதலில் ஐயுற்றோம், பின்னர் அடங்கினோம். ஆதலின் 2019இற் பிறர் செய்த தவற்றை எடுத்துரைக்கும் உரிமை, இதனை ஒப்புக்கொண்ட பின்னரே நமக்கு உண்டாகும்.

செய்தித்தாளிடம் நாம் வேண்டுவன பெரியன அல்ல. ஐயத்தை ஐயமென்றே எழுதுக. தொகை கூறின் அது வந்த வழியையும் கூறுக. கைதானவன் படத்தை இட்ட இடத்திலேயே அவன் விடுதலையையும் இடுக. முதற்பக்கத்துத் தவற்றை ஏழாம் பக்கத்து மூலையில் திருத்துதல் திருத்தமாகாது. குற்றம் செய்தவனுக்குப் பெயர் உண்டு. அப்பெயர் இருக்க, அவன் சமூகத்தின் பெயரைத் தலைப்பில் இடற்க. வாசகர்க்கும் கடமை உண்டு. கைத்தொலைபேசியிற் செய்தியொன்று வந்தவுடன் அடுத்தவர்க்கு அனுப்புபவன், களவுநூல் கேட்டு நடுங்கிய காவலனுக்குத் துணைவனே.

காதையில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். களிமகன் வாளை வீசியபோது, உண்மைக் கள்வன் காவலர் நடுவே, அவர்க்கு அறிவு கூறுபவனாய், அச்சமின்றி நின்றான். பொய்யான ஐயம் குற்றமற்றவனைக் கொல்வதோடு அமைவதன்று. குற்றவாளிக்கு நிழலும் கொடுக்கின்றது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்தவுடன் உயிர் துறந்தான். நம் காலத்துப் பிழைகளுக்கு அவ்வளவு வேண்டா. பிழையென்று ஒரு வரி எழுதினாற் போதும்.