லெகோ கட்டையில் ஓர் அதிவேக ரயில்: எப்படி ரசிப்பது?

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் வளர்ந்த ஒருவருக்கு ரயிலின் லட்சணத்தை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். மேற்கே மாகிம் வழியாகவும் கிழக்கே சயான் வழியாகவும் செல்லும் இரு பெருந்தடங்களுக்கு நடுவே உறங்கி எழும் அவர், வருவது ஸ்லோவா ஃபாஸ்ட்டா என்பதை ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவார். ஆயினும், மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா-குர்லா வளாகத்தில், அகமதாபாத் செல்லும் 508 கிலோமீட்டர் அதிவேகத் தடத்துக்கு நிலத்தடி நிலையம் உருவாகிவரும் இந்நாளில், நம் வீட்டுப் பிள்ளை லெகோ கட்டைகளைக் கொண்டு அந்த ரயிலைத் தரையில் கட்டி முடித்து நம் முகத்தைப் பார்க்கும்போது, "பேஷ், அப்படியே இருக்கிறது" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது அவன் சிரமத்துக்கு நாம் செய்யும் அநியாயம். சதுரக் கட்டையால் ஒரு வளைவைச் செய்ய முனைந்தவன் எதைக் காப்பாற்றினான், எதை விட்டுக்கொடுத்தான் என்று பார்க்க வேண்டும்.

முதலில் மூக்கைப் பாருங்கள். இத்தடத்துக்கென்று முதலில் தீர்மானிக்கப்பட்ட ஜப்பானிய ஈ-5 வண்டியின் மூக்கு 15 மீட்டர் நீளமுடையது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழையும் வண்டி, முன்னாலுள்ள காற்றைத் திடீரென்று நெருக்கி, அந்த நெருக்கம் மறுவாயிலில் வெடிச்சத்தமாக வெளிப்படச் செய்யுமாதலால், அதைப் படிப்படியாக்கும் பொருட்டே மூக்கை அவ்வளவு நீட்டினார்கள். நம் பக்கத்திலிருந்து புறப்படும் தடமோ தொடக்கத்திலேயே 21 கிலோமீட்டர் சுரங்கத்தினுள், அதில் 7 கிலோமீட்டர் 'தானே' கழிமுகத்தின் அடியில், செல்ல வேண்டியது.

இனிக் கணக்கு. லெகோ கட்டையின் மேலுள்ள குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். வண்டி எட்டுக் குமிழ் அகலமென்றால், மூலத்தின் 3.35 மீட்டர் அகலம் 64 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அந்த விகிதத்தில் மூக்கு மட்டுமே ஏறத்தாழ 36 குமிழ் நீளம் வேண்டும். பத்துப் பெட்டிகளையும் கட்டினாலோ நீளம் 5 மீட்டருக்குச் சற்றே குறையும். நம் வீடுகளில் அதற்கு ஏது இடம்? ஆகையால் பெட்டிகளை மூன்றாகக் குறைப்பதை நான் குற்றமாகக் கொள்வதில்லை. மூக்கைக் குறைப்பதைத்தான் குற்றமென்பேன். பெட்டிகளைத் தியாகம் செய்து மூக்கை முழுதாக வைத்தவனே அந்த வண்டியின் சூட்சுமத்தை அறிந்தவன்.

அடுத்து அந்த மூக்கின் நுனியிலிருந்து ஓட்டுநர் கண்ணாடி வரை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குமிழ்கள் யாவும் மேல்நோக்கியிருக்கும்படி அடுக்கினால் சரிவு படிக்கட்டாகிவிடும்; ஆகவே கைதேர்ந்தவர் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்துகிறார். இதற்கு இடங்கொடுக்கும் பிரமாணம் மிக அழகானது: மெல்லிய தகடு ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீட்டர், ஐந்தை அடுக்கினால் 16, இரண்டு குமிழ்களின் அகலமும் அதே 16. இந்தச் சமன் இருப்பதனாலேயே நிற்கும் கட்டையும் படுத்த கட்டையும் இடைவெளியின்றிச் சேர்கின்றன. எங்கே நகம் லேசாகத் தட்டுகிறதோ, அங்கே பெரும்பாலும் திசை மாறியிருக்கும். மேலே பச்சை, கீழே வெள்ளை, நடுவே ஓடும் இளஞ்சிவப்புக் கோடு ஒரே ஒரு தகட்டின் கனம். அது அவ்விடத்திலும் முறியாமல் சென்றால் மனம்விட்டுப் பாராட்டலாம்.

தாராவியில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் வளைத்தும் தட்டியும் ரகத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் உதவும். 1958-இல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இந்தக் கட்டை, பசையின்றி, உராய்வின் பிடியால் மட்டுமே நிற்பது. ஒழுங்காகச் சேர்ந்த கட்டை 'டக்'கென்று ஒலிக்கும், வலிந்து திணித்ததோ ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் காட்டும்.

கடைசியாக, வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளி வளைவில் விடச் சொல்லுங்கள். மெய்யான அதிவேகத் தடத்தின் வளைவு ஆரம் கிலோமீட்டர் கணக்கில் இருக்க, லெகோ தண்டவாளத்தின் வழக்கமான ஆரம் 40 குமிழ், அதாவது 32 சென்டிமீட்டர்தான். அங்கே நீண்ட மூக்கு வெளியே துருத்தும். பெட்டியின் நடுப்பகுதி உள்ளே ஒதுங்கும். சக்கரங்கள் திரும்ப அடிப்பகுதியில் இடம் விட்டாக வேண்டும். அந்த இடத்தை மறைக்க என்ன உபாயம் செய்தான் என்று பிள்ளையைக் கேளுங்கள். கூரையைக் கழற்றியே காட்டுவான். 1915 முதல் இயங்கும் மாட்டுங்கா பணிமனையில் ரயில் பெட்டிகளின் உட்புறத்தைப் பழுதுபார்த்த பெரியவர் எவரேனும் பக்கத்தில் இருந்தால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் மஞ்சளுமாக, கையில் கிடைத்த நிறங்களிலெல்லாம் உள்ளே மறைந்து நின்று பாரம் தாங்கும் கட்டைகளைப் பார்த்து, நாம் கேட்க அறியாத கேள்விகளை அவர் கேட்பார்.