‘சிம்பொனி’ என்னும் பெயரும் திருவாசகச் சொல்லும்: இளையராஜாவின் பல்லியப் படைப்பு – ஒரு மதிப்பீடு

இளையராஜாவின் இசையமைப்பில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த திருவாசக இசைப்பேழை, வெளியான நாள்தொட்டுச் ‘சிம்பொனி’ என்ற பெயராலேயே அறியப்பட்டு வருகிறது. தலைப்பில் அச்சொல் இடம்பெற்றதும், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு அதனை வாசித்ததும் இதற்குக் காரணங்களாகும். ஆனால் ஐரோப்பியச் செவ்வியல் மரபில் சிம்பொனி என்பது சொல்லின் துணையின்றிக் கருவிகளாலேயே, பெரும்பாலும் நான்கு பகுதிகளாக, வளர்த்தெடுக்கப்படும் வடிவம். 1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதியில் பேத்தோவன் மனிதக் குரலைக் கொணர்ந்தது விதிவிலக்காகவே கருதப்படுகிறது. சமயப் பனுவலைத் தனிக்குரல், குழுக்குரல், பல்லியம் ஆகியவற்றால் நடிப்பின்றிப் பாடும் வடிவத்திற்கு ஆரட்டோரியோ என்று பெயர். ஹாண்டல் 1741இல் இயற்றிய ‘மெசையா’ இதற்குப் பலரும் அறிந்த சான்று. திருவாசக இசையாக்கம் இவ்வகையைச் சார்ந்தது.

இது வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. சிம்பொனி எனக் கொண்டு அளந்தால், கருவியிசை தன்னளவில் விரிவு பெறவில்லை என்ற குறையே முதலில் தென்படும். ஆரட்டோரியோ எனக் கொண்டால், மணிவாசகரின் சொல் இசைக்குள் என்ன ஆயிற்று என்பதே முதல் வினாவாகும். இசையமைப்பாளரின் பிற்காலச் செயலும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்கிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றிய ‘வேலியன்ட்’ நான்கு பகுதிகளைக் கொண்ட கருவியிசை. அதனையே அவர் தம் முதல் சிம்பொனியாக எண்ணிட்டார்.

சொல்லைத் தாங்கும் இசை அவருக்குப் புதிதன்று. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், தமையனார் பாவலர் வரதராசனின் பொதுவுடைமை மேடைகளில் ஆர்மோனியத்துடன் வளர்ந்தவர். அங்கே பாட்டின் சொல் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் விளங்கியாக வேண்டும். 1960களின் இறுதியில் சென்னை வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் எழுத்துமுறையைக் கற்றார். தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) இவ்விரண்டாவது பயிற்சியின் விளைவு. திருவாசகத்தில்தான் மேடைப்பாட்டும் எழுத்திசையும் நேருக்குநேர் சந்திக்கின்றன.

எடுத்துக்கொண்ட பகுதிகளே இதனைக் காட்டும். சிவபுராணம், யாத்திரைப்பத்து, பிடித்தபத்து, அச்சப்பத்து ஆகியவற்றோடு திருக்கோத்தும்பியும் திருப்பொற்சுண்ணமும் இடம்பெறுகின்றன. பின்னிரண்டும் மகளிர் ஆடலும் தொழிலும் சார்ந்த வாய்மொழி வடிவங்களை மணிவாசகர் பக்திக்கு ஆக்கிக்கொண்டவை. திருப்பொற்சுண்ணம் உலக்கை ஓங்கி இடிக்கும் பெண்களின் பாட்டு. இப்பகுதியில் குழுக்குரலும் தாளமும் முன்னிற்கும் அமைப்பு, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் போன்ற கரிசல் ஊர்களின் முளைப்பாரிக் கும்மியில் ஒருத்தி எடுத்துக்கொடுக்கப் பிறர் வாங்கிப் பாடும் முறைக்கு அண்மையது. ஓதுவார் மரபு திருவாசகம் முழுவதையும் மோகனத்தில் பாடுவது வழக்கம். அவ்வொருமை பனுவலுக்கு ஓதும் தன்மையைத் தருகிறதேயன்றி, இடிக்கும் பாட்டிற்கும் அஞ்சும் பாட்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் செவிக்குத் தருவதில்லை. இளையராஜா மரபை மீறினார் என்பதைவிட, நூலுக்குள் மறைந்திருந்த இலக்கிய வகைமைகளை மீண்டும் கேட்கச் செய்தார் என்பதே பொருந்தும்.

சிவபுராணப் பகுதியைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பாராட்ட இயலாது. இங்குத் தமிழடிகளுக்கிடையே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் வருகின்றன. பிறமொழிக் கேட்போர்க்கு இது வாயில்தான். ஆயினும் சிவபுராணம் கலிவெண்பா. அடிதோறும் விளியும் வியப்பும் அடுக்கிவந்து, நிறுத்தமின்றி ஏறிச்செல்வதே அதன் உயிர். ஆங்கிலப் பகுதி அவ்வேற்றத்தை விளக்கத்தால் இடைமறிக்கிறது. பிறவி தோறும் அலைந்த உயிரின் களைப்பு, பொதுவான மனிதக் குறைபாட்டின் ஒப்புதலாகச் சுருங்குகிறது. குழுக்குரலின் ஒலித்திரட்சி இவ்விழப்பை ஓரளவு மறைக்கிறது, ஈடுசெய்யவில்லை.

தேர்வில் விடுபட்டதும் கருதத்தக்கது. திருச்சாழல் இருமகளிர் வினாவும் விடையுமாக வாதிடும் பகுதி. ஒருத்தி இறைவனின் கோலத்தைப் பழிப்பாள். மற்றவள் அப்பழிப்பையே புகழாக மாற்றுவாள். இருபிரிவாக நின்று எதிரெதிர் பாடும் குழுக்குரலுக்கு இதைவிடப் பொருந்திய பாடம் திருவாசகத்தில் இல்லை. மொழிபெயர்ப்பின் துணையில்லாமலே, குரல்களின் மோதலால் மட்டும் பொருள் புலப்பட்டிருக்கக்கூடிய இடம் அது.